ஒரு மூச்சுக்கு ஆறு அசை

மும்தாஜ் அக்கா அன்று வகுப்புக்குத் தாமதமாக வந்தாள்.

பாளையங்கோட்டையில் ஒரு தையல் கடையின் மாடியில் எங்கள் பிரெஞ்சு வகுப்பு நடந்தது. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. கீழே இயந்திரங்கள் ஓடும் அதிர்வு எங்கள் நாற்காலிக் கால்கள் வழியாக ஏறி வரும். நாங்கள் ஐந்து பேர் மேஜையை விரலால் தட்டித் தட்டி ஒரு சொல்லை அசை பிரித்துக்கொண்டிருந்தோம். அக்கா ஆறாவது ஆள்.

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுத்துல பாஸு. வாயில பெயிலு" என்றாள்.

தட்டுகிற சத்தம் நின்றது.

செலின் டீச்சர் தாளை எடுத்துப் பார்த்தார். டீச்சர் என்றாலும் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். தூத்துக்குடிக்காரர், புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர். "எழுத்து இவ்வளவு நல்லாப் பண்ணிட்டு வாய்மொழியில எப்படி இப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"பரிச்சை வச்ச அந்தம்மா கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன் டீச்சர். சொன்னா, திருப்பிச் சொல்லுன்னு கேக்குதா. திருப்பிச் சொன்னா, திருப்பியும் திருப்பிச் சொல்லுன்னு கேக்குதா. கடைசியில அவளுக்கே பாவமாப் போயி, தண்ணி குடின்னு கையக் காட்டுனா. அன்னைக்கு ரெண்டு பேருக்கும் வெளங்குனது அது ஒண்ணுதான்."

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். சிரித்தபடியே அந்தத் தாளை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள். இனி மடிக்க முடியாது என்று ஆனதும் கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

அவள் தோற்றதற்கான காரணம் அப்போது என் பைக்குள்தான் இருந்தது. எனக்கு அது தெரியாது.

ஏன் படித்தோம்

அந்த அறையில் யாரும் ஆசைக்காகப் பிரெஞ்சு படிக்கவில்லை. ஒருவருக்கு மேற்படிப்பு, ஒருவருக்குக் கப்பல் வேலை, இரண்டு பேருக்குக் கனடா. எனக்கு அலுவலகம்.

நான் மென்பொருள் சோதனைப் பொறியாளர். மற்றவர்கள் செய்து தருவதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்துப் பட்டியல் போடுவது என் வேலை. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு ஸ்ரீவைகுண்டத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன். எங்கள் வாடிக்கையாளர் பிரான்சில் ஒரு நிறுவனம். அவர்கள் அனுப்பும் ஆவணங்களை நானே வாசித்துப் புரிந்துகொண்டால் நல்லது என்றார்கள். வாசிக்க வேண்டும், எழுத வேண்டும். பேச வேண்டியதில்லை. ஆகவே வாய்மொழித் தேர்வுக்கு நான் பெயர் கொடுக்கவே இல்லை.

மும்தாஜ் அக்காவின் கதை வேறு. ஏரல்காரி. திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். பிரெஞ்சு பேசும் நாடு ஒன்றில், ஒரு முதியோர் இல்லத்தில் அவளை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள். ஒரே நிபந்தனை, அந்தத் தேர்வு. நான்கு பிரிவிலும் தேற வேண்டும்.

அவள் கணவர் ரபீக் அண்ணன் வளைகுடாவிலிருந்து முதுகுத்தண்டில் அடிபட்டுத் திரும்பி வந்தவர். ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. அக்கா முதலில் போவது, அண்ணன் இங்கிருந்து நான்கு வயது சனாவைப் பார்த்துக்கொள்வது, ஓராண்டில் இருவரையும் அங்கே அழைத்துக்கொள்வது. இதுதான் அந்த வீட்டின் திட்டம்.

அன்று வகுப்பு முடிந்து படியிறங்கும்போது சொன்னாள்: "மெயில் போட்டுக் கேட்டேன்ட்டி. அடுத்த பரிச்சை வரைக்கும் எடத்த வச்சிருப்பாங்களாம். அதுக்கு மேல முடியாதாம்."

அடுத்த தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

அலகிடு

கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பத்தாம் வகுப்பில் தமிழ் இலக்கணத்தில் எல்லோரும் பயப்படும் ஒரு பகுதி உண்டு: செய்யுளைச் சீர் சீராக வெட்டி, அசை பிரித்து, நேர், நிரை என்று எழுதி, தேமா, புளிமா என்று வாய்பாடு போடுவது. மற்றவர்கள் பயந்த அந்தக் கேள்விக்காக நான் காத்திருப்பேன். விடைத்தாளில் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்துப் பெட்டி போடுவேன். ஒரு கோடும் கோணாது. எங்கள் தமிழம்மா என் தாளை வகுப்பு முழுக்கச் சுற்றுக்கு விட்டார்கள். ஒரு பெண் அதை முகர்ந்துகூடப் பார்த்தாள். மையில் ஏதாவது விசேஷம் இருக்கும் என்று நினைத்தாளாம்.

பாட்டின் பொருள் எனக்குப் பாதி நேரம் புரியாது. ஆனால் எங்கே வெட்ட வேண்டும் என்று தெரியும். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

பிரெஞ்சு வகுப்பின் முதல் மாதத்தில் செலின் டீச்சர் அசை பிரிக்கச் சொல்லிக் கொடுத்தபோது எனக்கு அந்தப் பழைய சந்தோஷம் வந்துவிட்டது. விதிகளைப் பாருங்கள், எவ்வளவு அழகு. இரண்டு உயிரொலிக்கு நடுவே ஒரே ஒரு மெய் வந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போய்ச் சேரும். இரண்டு மெய் வந்தால் நடுவில் வெட்டு. ஆனால் இரண்டாவது மெய் 'ர'வோ 'ல'வோ ஆனால் பெரும்பாலும் வெட்டக் கூடாது, இரண்டும் கைகோத்துக்கொண்டு பின்னால் போகும். படம் என்பதற்கான சொல் 'தப்–லோ' அல்ல, 'த–ப்லோ'. நம் நாக்கு 'தப்' என்று மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கும். அவர்கள் நாக்கு திறந்தே இருக்கும்.

டீச்சர் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு விஷயம் சொல்வார். ஒன்று, "தமிழ் எழுத்துல எழுதிப் பாக்காதீங்க. காதால கேளுங்க." இரண்டாவது, "சேர்த்துச் சொல்லுங்க, சேர்த்துச் சொல்லுங்க."

இரண்டையும் நான் கேட்டேன். இரண்டாவதைக் குறிப்பேட்டில் எழுதிக்கூட வைத்தேன். முதலாவதை மீறித்தான் அதையும் எழுதியிருந்தேன்.

கோமதி நோட்டு

இருநூறு பக்க நோட்டு. நீல அட்டை. இடப்பக்கம் பிரெஞ்சு வாக்கியம். வலப்பக்கம் அதே வாக்கியம் தமிழ் எழுத்தில், ஒவ்வொரு சொல்லும் தனித்தனிப் பெட்டிக்குள், பெட்டிக்குள்ளே அசைக் கோடு. ஒவ்வொரு சொல்லிலும் முதல் எழுத்தைச் சற்று அழுத்தி எழுதினேன். கண்ணுக்கு எளிதாக இருக்கும் என்றுதான்.

மும்தாஜ் அக்காதான் முதலில் பார்த்தாள். "ஏட்டி, இது என்ன, கோயில் கோலம் மாதிரி இருக்கு" என்றாள். ஒரு வாரம் வாங்கிப் போனாள். திரும்பக் கொடுக்கும்போது அதில் மருத்துவமனைக் கிருமிநாசினி வாசமும் கருப்பட்டி வாசமும் கலந்து இருந்தன. "இப்பத்தான் எனக்குப் பிரெஞ்சே வெளங்குது" என்றாள்.

அதன்பின் எல்லோரும் கேட்டார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் ஐந்து பிரதிகள் எடுத்தோம். இயந்திரத்திலிருந்து வந்த தாள்களின் வெதுவெதுப்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. கடைக்காரரே பெயர் வைத்தார். "கோமதி நோட்டா, நூத்திச் சொச்சம் பக்கம்லா?" என்பார்.

டீச்சருக்கு மட்டும் தெரியாது. வகுப்பில் அவர் சொல்லச் சொல்லக் கூடவே சொல்வோம், அது சரியாகவே இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பயிற்சி செய்வது என் பெட்டிகளைப் பார்த்து. இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு எழுதி வைத்ததன் மேல் இருக்கும் நம்பிக்கை காதின் மேல் வருவதில்லை.

அலைக்கோடு

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, அக்காவோடு தேர்வு எழுதிய மற்ற இருவரின் முடிவும் வந்தது. எழுத்தில் நல்ல மதிப்பெண். வாய்மொழியில் அடி.

ஒரே பிழை மூன்று இடத்தில் வந்தால் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்காதே, மூன்றுக்கும் பொதுவானது எது என்று பார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்ட பாடம் இது. ஆனாலும் திங்கட்கிழமை முழுக்க வேறு காரணங்களையே தேடினேன். பதற்றம், தேர்வறை, அந்த அம்மாளின் காது.

செவ்வாய்க்கிழமை அக்காவிடம் ஒரு வாக்கியத்தைக் குரல்பதிவாகக் கேட்டேன். 'அவளுக்குத் தலைவலி.' செவிலியருக்கு முதல் நாளே தேவைப்படும் வாக்கியம். பிரெஞ்சில் அது ஆறு சின்னச் சொற்கள். அக்கா அனுப்பியது இப்படி இருந்தது: "எல்லு. அ. மல்லு. அ. ல. தெத்து."

அதே வாக்கியத்தை டீச்சரிடமும் வாங்கினேன். "எலமலலதெத்."

இரண்டையும் கணினியில் போட்டு அலைவடிவத்தைப் பார்த்தேன். அக்காவின் குரல் தேரிக்காட்டுப் பனைகள் மாதிரி இருந்தது. ஒன்று நிற்கும், பிறகு வெறும் மணல், பிறகு இன்னொன்று. டீச்சருடையதில் இடைவெளியே இல்லை. முதல் சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் உயிரில் ஏறி உட்கார்ந்திருந்தது. எ–ல–ம–ல–ல–தெத். ஆறு அசை, முதல் ஐந்தும் ஏறக்குறைய ஒரே அளவு, கடைசி மட்டும் நீளம். சொற்கள் எங்கே முடிந்தன, எங்கே தொடங்கின என்று அலைக்கோட்டில் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

என் பெட்டிகள் அங்கே இல்லை.

பேசினால் அதைப் பிரெஞ்சில் எழுதிக்காட்டும் வசதியைக் கைபேசியில் போட்டு அக்காவின் பதிவைக் கேட்க வைத்தேன். சமையல் சம்பந்தமாக ஏதோ எழுதியது. பிறகு நானே அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அதுவும் சமையல் பற்றித்தான் எழுதியது.

நீல நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். விலங்கு என்பதற்கான சொல்லை 'அனி–மல்' என்று இரண்டாக வெட்டியிருந்தேன். குறில் இரண்டு சேர்ந்தால் நிரை அல்லவா? பிரெஞ்சுக்கு நேரும் தெரியாது, நிரையும் தெரியாது. அது 'அ–னி–மல்', மூன்று அசை. பத்தாம் வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கித் தந்த அதே கை, பக்கம் பக்கமாக, கோணாத கோடுகளோடு, ஐந்து பேருக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்திருந்தது.

சோதித்துப் பார்க்காமல் எதையும் வெளியே விடாதவள் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். இதை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சோதிக்கவில்லை.

செய்துங்கநல்லூர் கேட்

சனிக்கிழமை வகுப்பு முடிந்து ஏரல் பஸ்ஸில் ஏறினோம். நான் ஸ்ரீவைகுண்டத்தில் இறங்குவேன், அவள் கடைசி நிறுத்தம் வரை போவாள். எப்போதும் ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கை. ஜன்னல் அவளுக்கு.

செய்துங்கநல்லூர் பக்கம் ரயில்வே கேட் அடைத்திருந்தார்கள். ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர் ஜன்னல் ஜன்னலாக வந்தார். அந்த நிசப்தத்தில் சொல்லிவிட்டேன். நோட்டு தப்பு என்று. அலைக்கோடு, கைபேசி, மூன்று பேரின் மதிப்பெண் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அக்கா குறுக்கிடாமல் கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இத எப்பக் கண்டுபிடிச்ச?"

"செவ்வாக்கெழமை."

"இன்னைக்குச் சனி."

"ஆமாக்கா."

"நாலு நாளு என்னட்டி செஞ்ச?"

"எப்படிச் சொல்லன்னு லிஸ்ட் போட்டேன்" என்றேன். அதுதான் உண்மை.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். "என் நசீபுன்னு நெனச்சேன்" என்றாள். "அல்லா எழுதுனது இவ்வளவுதான்னு நெனச்சி, அழுது முடிச்சி, மனசத் தேத்திட்டு இருக்கேன். ராத்திரி தொழுதுட்டு, வீட்டுக்காரர்ட்ட, 'எனக்கு இல்லன்னா இல்ல, விடுங்க'ன்னுட்டேன். அது நீ எழுதுனதாட்டி?"

ரயில் போயிற்று. கேட் திறந்தது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, பின்னால் காலியாக இருந்த ஒரு இருக்கைக்குப் போய் உட்கார்ந்தாள். கருங்குளம் வரை வாழைத்தோட்டங்கள் ஜன்னலில் வந்துகொண்டே இருந்தன. நான் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சரின் அலமாரி

அடுத்த சனிக்கிழமை டீச்சரிடம் நோட்டைக் கொடுத்தேன். எல்லோர் முன்னாலும் கொடுத்தேன், இனியும் தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்லை.

டீச்சர் பத்துப் பக்கம் புரட்டினார். "கையெழுத்து ரொம்ப அழகு கோமதி" என்றார். பிறகு 'அனி–மல்' பக்கத்தில் சிரித்துவிட்டார். "நான் ஒவ்வொரு வகுப்புலயும் சொன்னதுதானே இது?"

"நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு டீச்சர். ஆனா எழுதிப் பாத்தாத்தான் எனக்கு மண்டையில ஏறும்."

"இப்பத்தான் ஏறியிருக்கு" என்று குரல் வந்தது. மும்தாஜ் அக்கா வாசலில் நின்றாள். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை.

என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னாள். "கெடுத்தவ நீ. பழுது பாக்கவும் நீதான் பாக்கணும். எனக்கு வேற ஆள் இல்ல, நேரமும் இல்ல."

டீச்சர் நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஆறு வாரம் இருந்தது.

தெரிந்துகொள்வது ஒன்று, நாக்கு திரும்புவது இன்னொன்று. இரண்டு வாரம் முயன்றோம். இடைவெளி விடாதே என்றால் அக்கா வேகமாகச் சொன்னாள். வேகத்திலும் சொல்லுக்குச் சொல், நான் அழுத்தி எழுதிய முதல் எழுத்தில், ஒரு குத்து விழுந்தது. கடைசியில் நீட்டு என்றால் எல்லாவற்றையும் நீட்டினாள். கைபேசி பிடிவாதமாகச் சமையல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தது. "இந்தச் சனியன் ஒரு மீன் கொழம்பாவது ஒழுங்கா எழுதுனா, பாத்து வைக்கலாம்" என்றாள்.

ஆறுமுகம் அண்ணாச்சி

எங்கள் பஸ்ஸின் நடத்துநர் ஆறுமுகம் அண்ணாச்சி. பாளை பேருந்து நிலையத்தில் வண்டி கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கூவுவார். பல ஆண்டுகளாகக் கேட்ட சத்தம். யாரும் அதைக் கவனிப்பதில்லை, ஏறவேண்டியவர்கள் ஏறிவிடுவார்கள்.

அன்று அக்கா என் முழங்கையை இடித்தாள். "ஏட்டி, அவரு எங்கயாவது மூச்சு வாங்குதாரா பாரு."

"செய்துங்கநல்லூர்கருங்குளம்ஸ்ரீவைகுண்டம்ஏரல்ல்ல்!"

மூச்சு வாங்கவில்லை. நான்கு ஊரும் ஒரே சரடு. 'நல்லூர்' என்பதற்கும் 'கருங்குளம்' என்பதற்கும் நடுவில் ஒரு முடி நுழைய இடம் இல்லை. எதிலும் குத்து இல்லை. ஏரலில் மட்டும் ஒரு நீட்டல்.

மும்தாஜ் அக்காவுக்கு மற்றவர் குரலைப் பிடிப்பது சிறுவயதிலிருந்தே கைவந்தது. மருத்துவமனையில் தலைமை மருத்துவர் பேசுவதுபோலப் பேசி வார்டையே எழுந்து நிற்க வைத்தவள். வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அண்ணாச்சியைப் போலவே மெதுவாகக் கூவினாள். இரண்டாவது முறை அதே ராகத்தில், அதே மூச்சில், ஊர்களை எடுத்துவிட்டுத் தலைவலியை வைத்தாள்.

"எலமலலதெத்த்!"

என் கைபேசி அதை எழுதியது. ஆறு சொல்லும் சரியாக.

நாங்கள் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். டிக்கெட் போட வந்த அண்ணாச்சி தலைக்கு மேல் நின்றார்.

"என்னம்மா, எனக்குப் பழிப்பா காட்டுதிய?"

"இல்ல அண்ணாச்சி, படிக்கோம்" என்றாள் அக்கா.

"என் சத்தத்தையா?"

"ஆமா. பிரெஞ்சுக்கு."

"நல்ல கதை. எட்டாங் கிளாஸ்ல என்னைய இங்கிலீசுல பெயிலாக்குன வாத்தியாரு இப்ப இருந்தா நல்லா இருக்கும்."

"அண்ணாச்சி, அந்த ஊரையெல்லாம் ஒண்ணு ஒண்ணா, தனித்தனியாச் சொல்லுங்களேன்."

அவர் சொல்லிப் பார்த்தார். செய்துங்கநல்லூர். நிறுத்தினார். ஸ்ரீவைகுண்டம். "இல்ல, இரு." மறுபடி தொடங்கினார். இருபது ஆண்டு சொன்ன ஊர்களின் வரிசை அவருக்கு மறந்துபோயிருந்தது. "ஒடச்சா வராதும்மா. மொத்தமாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் சென்னையில் கல்லூரி படித்தபோது என் பேச்சின் முடிவில் வரும் இழுப்பை வைத்து விடுதியே கேலி செய்தது. 'வாங்களேஏன்' என்பேன், வரவேற்பறை வரை அது எதிரொலித்துத் திரும்பி வரும். முதல் ஆண்டு முடிவதற்குள் அந்த இழுப்பை வெட்டி எறிந்துவிட்டேன். மூன்று மாதப் பயிற்சி. அதற்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அக்கா தூரத்து ஊர் எதற்கும் போய்ப் படிக்கவில்லை, எதையும் வெட்டவில்லை. அதனால்தான் அவளுக்கு அரை மணி நேரத்தில் வந்தது. எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

கிழக்கே உள்ள பாஷை

மிச்சமிருந்த நான்கு வாரமும் பஸ்ஸில்தான் படிப்பு. தாள் கிடையாது, பேனா கிடையாது. நான் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. நோயாளியாக நான், செவிலியராக அவள். எங்கே வலிக்கிறது. மூச்சை இழுங்கள். பைய எழுந்திருங்கள். பயப்படாதீர்கள், நான் இங்கேதான் இருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு மூச்சு, ஒரு நீட்டல்.

வாழை இலைக்கட்டோடு ஏறிய ஒரு அம்மாள் கருங்குளம் வரை கேட்டுக்கொண்டே வந்துவிட்டு, "இது எந்த ஊருப் பாஷை தாயி?" என்றாள்.

"ஏரலுக்குக் கிழக்கே உள்ளது" என்றாள் அக்கா.

"அதான். கேட்ட மாதிரி இருந்துச்சி."

என்மேல் அவளுக்கு இருந்த வருத்தம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் சனாவுக்காக வாங்கிய கடலைமிட்டாயில் பாதியை உடைத்து என் கையில் வைத்தாள். ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். அதை வைத்துக்கொண்டு நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

தேர்வு சென்னையில். தனியாகத்தான் போய்வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "பேசுனோம்" என்றாள்.

மூன்று பஸ்கள்

முடிவு வந்த அன்று காலை பத்து மணிக்கு மும்தாஜ் அக்கா ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கினாள். வேலைக்குப் போகிற வழியில், முதல்முறையாக. போன் செய்து என்னைப் பேருந்து நிறுத்தத்துக்கு வரச் சொன்னாள். அணைக்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் அங்கே வரை கேட்டது. அவள் வேப்பமர நிழலில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டு. நான் தொறக்கல. நீ தொற."

கைபேசியை வாங்கித் திறந்தேன். நான்கு வரிசை. வாய்மொழி கடைசியில் இருந்தது. அதை மட்டும் இரண்டு முறை பார்த்தேன்.

"அக்கா, பாஸு. நாலுலயும்."

"வாய்ல?"

"வாய்லதான் நல்ல மார்க்கு."

அவள் "அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தை இரண்டு கைகளாலும் தடவிக்கொண்டாள். என் கையைப் பிடித்து அழுத்தினாள். சிரித்தாள். ரபீக் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் அந்தப் பக்கம் சத்தமாக ஏதோ சொல்வது எனக்கும் கேட்டது. "ஆமா, ஆமா, பாஸு" என்றாள். "எங்க அவ?" என்றாள். பிறகு, "வெளையாடட்டும், கூப்புடாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

அடுத்து செய்யவேண்டியவற்றை நான் முந்தின இரவே எழுதி வைத்திருந்தேன். சான்றிதழ், விசா, மருத்துவப் பரிசோதனை என்று பதினொரு வரி. சட்டைப் பையில் இருந்தது. எடுக்க நினைத்து அவள் முகத்தைப் பார்த்தேன். எடுக்கவில்லை.

"ஏட்டி" என்றாள். "இப்ப நெசமாவே போணும்லா?"

"ஆமாக்கா."

"பெயிலானா என்ன செய்யன்னுதான் ராவும் பகலும் யோசிச்சேன். பாஸானா என்ன செய்யன்னு யோசிக்கவே இல்ல பாரேன்." கைபேசியின் அணைந்த திரையைத் துப்பட்டாவால் துடைத்தாள். "சனா என் காதப் புடிச்சிக்கிட்டுத்தான் தூங்குவா. கம்மலக் கழட்டிட்டுத்தான் படுக்கேன், அவ கையில குத்திரும்னு. வாப்பா காதக் காட்டுனா தள்ளிவிட்டுருவா. நான் அவட்ட என்ன சொல்ல?"

பட்டியலைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

திருநெல்வேலி போகும் பஸ் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. நடத்துநர் விசிலை வாயில் வைத்தபடி எங்களைப் பார்த்தார், நான் தலையாட்டினேன், வண்டி போய்விட்டது. மருத்துவமனைக்கு நேரமாகவில்லையா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். வேப்பம்பூ ஒன்றிரண்டு அவள் துப்பட்டாவில் விழுந்தது. இன்னொரு பஸ் வந்தது. அதுவும் போயிற்று.

மூன்றாவது பஸ் வந்தபோது எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒரு வருசந்தானட்டி?"

"ஒரு வருசந்தான்க்கா" என்றேன்.

எனக்கு என்ன தெரியும். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஏறிப் போனாள்.